நிலம் இருக்கிறது, பொழுது எங்கே?

மலை தெரிந்தால் குறிஞ்சி, அலை தெரிந்தால் நெய்தல், வயல் தெரிந்தால் மருதம் என்று எழுதிவிடுவது நம் சினிமா விமர்சகர்களுக்கு வெகுகாலமாகக் கைவந்த வேலை. திணையைத் துணைக்குக் கூப்பிட்டால் கட்டுரைக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது, படத்துக்கும் ஈராயிரம் வருஷப் பூர்வீகம் கிடைத்துவிடுகிறது. ஆனால் தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொன்னது இரண்டை: நிலத்தையும் பொழுதையும். குறிஞ்சிக்கு மலை எவ்வளவு முக்கியமோ யாமமும் கூதிரும் அவ்வளவு முக்கியம். முல்லைக்குக் காடு மட்டும் போதாது, கார்காலத்து மாலையும் வேண்டும். நெய்தலுக்குரிய எற்பாடு சூரியன் மறையும் நேரமா, எழும் நேரமா என்று உரையாசிரியர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரே கடற்கரை, அந்த இரண்டு வேளைகளில் இரண்டு கடற்கரை என்று தெரிந்தவர்கள் போட்ட சண்டை அது. எல்லாவற்றையும்விட விசேஷம் பாலை. அதற்கென்று தனி நிலமே ஒதுக்கவில்லை. நண்பகலும் வேனிலும்தான் அதற்குக் கொடுக்கப்பட்டவை. நிலம் இல்லாமல் பொழுதை மட்டும் வைத்தே ஒரு திணையை நிறுத்திவிட முடியும் என்று நினைத்த மரபு இது. அந்த மரபைப் பேசிக்கொண்டே நாம் படத்தில் இடத்தை மட்டும் பார்க்கிறோம். எத்தனை மணிக்கு அந்த இடம் என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் எனக்கு முதல் ஆள் பாலு மகேந்திரா. அவர் படங்களில் 1988இல் வந்த ‘வீடு’. அவரை இயற்கை ஒளியின் கலைஞர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லிச் சொல்லியே அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. விளக்குப் போடாமல் எடுப்பது ஒரு கொள்கை போலவும், அதில் ஒரு நேர்மை இருப்பது போலவும் பேச்சு போகிறது. நான் பார்க்கும் விதம் வேறு. சூரிய ஒளிக்கும் விளக்கொளிக்கும் உள்ள பெரிய வித்தியாசம், சூரியன் நிற்காது என்பதுதான். ஜன்னல் வழியாக விழும் வெயில் பத்து மணிக்கு ஓர் இடத்தில் இருக்கும், பதினொன்றுக்கு இன்னோர் இடத்தில் இருக்கும். அந்த வெளிச்சத்தை நம்பி எடுக்கிறவர், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு மணிநேரத்தையும் சேர்த்தே எடுக்கிறார். இடத்துக்கு மனநிலை வருவது அங்கிருந்துதான். ஒரு கூடம் துக்கமாக இருக்கிறது என்றால் சுவர் அழுகிறது என்று அர்த்தமில்லை. எல்லோரும் வேலைக்குப் போன பின் மிஞ்சும் பதினொரு மணி வெயிலில், ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இங்கே ஓர் அபிமானத்தோடு சின்னச் சச்சரவு எனக்கு இருக்கிறது. பாலு மகேந்திராவின் இடவுணர்வு என்றதும் ஊட்டியைச் சொல்பவர்கள் அதிகம். ‘மூடுபனி’, அதற்கு இரண்டு வருஷம் கழித்து 1982இல் ‘மூன்றாம் பிறை’. அந்தப் பனி, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் அந்த நீல வெளிச்சம், கேத்தி ரயில் நிலையம். அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பனிமூட்டம் என்பது ஒளிப்பதிவாளனுக்கு வட்டியில்லாக் கடன். பின்னணியை மறைத்துவிடும், நிழலை அழித்துவிடும், யார் நின்றாலும் கொஞ்சம் ஏக்கமாகத் தெரிவார். ஊட்டியில் எடுத்த சுமாரான படங்களிலும் அந்த ஏக்கம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை உயர்த்தி நிறுத்துவது பனி அல்ல, மழை. பனி பார்க்க மட்டுமே, மழையோ உடம்பின் மேல் வேலை செய்யும். ரயிலைத் துரத்தும் சீனுவின் கால் வழுக்குகிறது, சேறு ஒட்டுகிறது, விழுகிறான், முகத்தில் வழிவது என்னவென்று அவனுக்கும் தெரியாது. பழைய நினைவு திரும்பி அவனை மறந்துவிட்ட விஜியின் பார்வையில் ஒரு பைத்தியக்காரன் ஆவதற்கு அவனுக்குத் தேவைப்பட்ட வேஷத்தை அந்த மழையும் சேறுமே போட்டுவிடுகின்றன. வெயிலடிக்கும் பிளாட்பாரத்தில் ஒழுங்காக வாரிய தலையோடு அவன் நின்றிருந்தால், அவள் ஒரு கணமாவது யோசித்திருப்பாள். இடம் அர்த்தம் தருவது இப்படித்தான். அழகாக இருந்து அல்ல, ஆளை ஏதாவது செய்ய வைத்து.

‘வீடு’ படத்தில் ஊட்டியின் உதவி எதுவும் கிடையாது. சென்னை, அதிலும் கதைப்படி அந்தக் காலத்து வளசரவாக்கம். மலை இல்லை, கடல் இல்லை, ஒரு மனையும் சுற்றிலும் வெற்று நிலமும். எந்தத் திணைக்கும் சேராத இடம். கதையை நீங்கள் அறிவீர்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சுதா ஆபீஸ் சம்பளக்காரி, கூடத் தாத்தாவும் தங்கையும். இருக்கிற இரண்டு மனையில் ஒன்றை விற்று மற்றதில் கட்டலாம் என்று இறங்குகிறாள். அவ்வளவுதான் படம். பாட்டு கிடையாது, இளையராஜா ஏற்கெனவே 1986இல் வெளியிட்டிருந்த ‘ஹௌ டு நேம் இட்’ இசையைத்தான் பின்னணியாக வைத்தார்கள். வில்லன் என்று ஒருவர் கிடையாது, ஆளுக்குக் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஓர் இடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் நம்மை உட்கார வைத்தது எது என்று கேட்டால், அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் என் பதில். தமிழ் சினிமாவில் ஒரு லொகேஷன் படத்தின் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ முடிவிலும் அப்படியே இருக்கும். அதிகம் போனால் தீ வைப்பார்கள். இங்கே இடம் வெறும் மண்ணாகத் தொடங்கி, குழியாகி, அஸ்திவாரமாகி, இடுப்பளவு சுவராகி, ஆளை மறைக்கும் சுவராகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குள் விழும் வெளிச்சம் வேறு.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் படத்துக்காக சாலிகிராமத்தில் உண்மையாகவே ஒரு வீட்டைக் கட்ட ஆரம்பித்தார்கள். செட் போடுகிறவர் முதலில் முழு வீட்டையும் மனதில் கட்டிவிட்டு, பாதி கட்டிய மாதிரி ஒன்றைச் செய்து கொடுப்பார். வேண்டுமென்றால் மறுபடி செய்யலாம். உண்மையான கட்டடத்தில் அது நடக்காது. சுவர் முழங்காலளவு நிற்கும்போது எடுக்க வேண்டிய காட்சியை, சுவர் எழும்பிய பிறகு எடுக்க முடியாது. சிமென்டுக்கு அதன் நாள்காட்டி உண்டு. செங்கல் கட்டினால் ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும். கான்கிரீட் முழுப் பலம் பிடிக்க 28 நாள் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. இந்தக் கணக்குகள் எதுவும் வசனமாக வருவதில்லை. ஆனால் படத்தின் நடை அந்தக் கணக்கில்தான் போகிறது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் எத்தனை நாள் போயிற்று என்பதைச் சுவரின் உயரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், தேதிக் காலண்டர் கிழிபடும் ஷாட் தேவைப்படவில்லை. திறந்த நிலத்தில் நாலு பக்கமும் பரவிக் கிடந்த வெயில், சுவர் ஏற ஏறக் கட்டுப்படுகிறது. ஜன்னலுக்கு விட்ட ஓட்டை வழியாக மட்டும் வர ஆரம்பிக்கிறது. நேற்று வரை ‘வெளி’யாக இருந்த இடத்தில் இன்று ‘உள்ளே’ என்று ஒன்று பிறந்துவிடுகிறது. வீடு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் படமும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கடிகாரத்துக்கு எதிரில் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. அது தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரின் உடம்பு. நாடக மேடையில் ஆயுளைக் கழித்த மனிதர். மேடை நடிகருக்குக் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்ற பதற்றம் சாகும் வரை போகாது என்பார்கள். இந்தப் படத்தில் அவர் அதை எங்கே கழற்றி வைத்தார் என்று தெரியவில்லை. வாடகை வீட்டின் உள் வெளிச்சத்தில் அவரைப் பார்க்கும்போது, வயது என்பது ஒருவகை மங்கல் என்றே தோன்றும். சுவர் ஒரு வரி ஏறினால் அவருக்கு ஒரு நாள் குறைகிறது. படம் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. மழை வேலையை நிறுத்துகிறபோது நமக்கு வரும் பதைப்பு சிமென்ட் மூட்டை நனைவதால் மட்டும் வருவதல்ல. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அஸ்திவாரக் குழிக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குழியைப் பார்த்தபடி சும்மா நிற்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வேறு படத்தில் மழை வந்தால் காதலர்கள் நனைவார்கள். இந்தப் படத்து மழையில் பணம் கரைகிறது, ஒரு கிழவரின் நாட்களும் சேர்ந்து கரைகின்றன.

பிறகு அவர் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி அந்தப் பாதி வீட்டைப் பார்க்க வருகிறார். தமிழில் எடுக்கப்பட்ட காட்சிகளில் இடம் என்றால் என்ன என்பதற்கு ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பகல் வெளிச்சம். வேலையாட்களின் சத்தம் இல்லை. அவர் உள்ளே நுழைகிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், இது எந்த அறையாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர் போல அங்குமிங்கும் நடக்கிறார். பூச்சுக் காணாத செங்கலின் சொரசொரப்பு அந்தக் கையின் சுருக்கத்துக்குப் பக்கத்தில் வருகிறது. முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு. முடியாத கட்டடம் என்பது நமக்குக் குறையாகத் தெரிகிற ஒன்று, அவருக்கு அது நிறைவு. ஏனென்றால் அவர் பார்ப்பது முடிந்த வீட்டை. இங்கே கேமரா செய்யும் மரியாதையைக் கவனிக்க வேண்டும். அவர் மனதிலிருக்கும் வீட்டை அது காட்டுவதே இல்லை. கோலம் போட்ட வாசலும் மாவிலைத் தோரணமும் ஒரு கனவு ஷாட்டாக வந்துவிடாதா என்று அன்றைய சினிமாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கும். வரவில்லை. செங்கல்லும் வெயிலும் மட்டும். திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார். அந்த வீட்டுக்குள் நடந்த ஒரே கிரகப்பிரவேசம் அதுதான் என்று பிற்பாடுதான் நமக்கு உறைக்கிறது, அந்த நிலம் குடிநீர் வாரியத்தின் கணக்கில் இருப்பதாக ஓர் ஊழியர் வந்து சொல்லும்போது.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு செட் ரசிகர்களிடமிருந்து வரும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1987ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுப் பட்டியலைப் பாருங்கள். சிறந்த தமிழ்ப் படம் ‘வீடு’, சிறந்த நடிகை அதில் சுதாவாக நடித்த அர்ச்சனா. அதே பட்டியலில் சிறந்த கலை இயக்கம் ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டாதரணி, சிறந்த ஒளிப்பதிவு அதே படத்துக்காக பி.சி. ஸ்ரீராம். பம்பாயின் தாராவியைச் சென்னையில் கட்டி எழுப்பி, தாராவிக்காரனே நம்பும்படி செய்தது தரணியின் கை. ஆகவே உண்மையான இடம்தான் உயர்ந்தது என்று நான் சொன்னால் அது பொய். என் கட்சி அதுவல்ல. ‘நாயகன்’ படத்தின் வெளிச்சம் சூரியனிடம் கணக்குக் கேட்பதில்லை. வேலு நாயக்கரின் முகத்தில் எவ்வளவு இருட்டு விழ வேண்டும் என்பதை அவருடைய அந்த நேரத்து மனசாட்சிதான் தீர்மானிக்கிறது. ஓலை இடுக்கிலும் ஜன்னல் கம்பியிலும் வரும் கீற்றுகள் அருமையானவை, ஆனால் அவை எந்த மணிக்கு உரியவை என்று கேட்டால் பதில் இருக்காது. கேட்கவும் தேவையில்லை, ஏனென்றால் அது ஒரு புராணம். புராணத்தில் வருஷங்கள் உண்டு, மணிகள் கிடையாது. ‘நாயகன்’ எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் வழி வந்தவர்கள் பிடித்துக்கொண்டது கீற்றுகளை மட்டும். காரணத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். அடுத்த பத்து வருஷம் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குள் போனாலும் இருட்டும் புகையும் ஒரு கீற்றும் இருந்தது, வாடகைக்கு வீடு தேடும் குமாஸ்தாவின் வீட்டிலும்.

செட்டுக்குள்ளும் பொழுதைக் கொண்டுவர முடியும் என்பதற்குச் சாட்சி வங்காளத்தில் இருக்கிறது. 1956இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்கு, காசியில் ஹரிஹரின் குடும்பம் இருக்கும் வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் கட்டினார் பன்சி சந்திரகுப்தா. நாலு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் திறந்த வானம் என்று இருக்கும் அந்தக் காசி முற்றங்களில் நேர் வெயில் அதிகம் இறங்காது. மேலேயிருந்து நிழலே இல்லாத ஒரு மெத்தென்ற வெளிச்சம்தான் வரும். ஸ்டுடியோ விளக்கைப் போட்டால் ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று நிழல் விழும், காசி காணாமல் போகும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை வானம்போல் விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படம்பிடித்தார். துணிதான் ஆகாயம். படம் பார்க்கும் எவருக்கும் அது ஸ்டுடியோ என்று தோன்றாததற்குக் காரணம் சுவரின் காரை பெயர்ந்திருப்பது மட்டும் அல்ல. அங்கே ஒரு பகல் இருக்கிறது. நிலத்தைத் தச்சர்கள் செய்துவிடுவார்கள், பொழுதைச் செய்ய ஒரு சுப்ரதா மித்ரா வேண்டும்.

அடுத்த மறுப்பு கொஞ்சம் குத்தலானது. காசில்லாதவன் சூரியனை நம்புகிறான், அதைப் போய்க் கலைக் கொள்கை ஆக்குகிறீர்களே என்பது. சின்ன பட்ஜெட் படத்தில் ஜெனரேட்டரும் விளக்கு வண்டியும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் காத்திருப்பதன் விலையைச் சேர்ப்பதில்லை. படப்பிடிப்பில் மிக விலை உயர்ந்த பொருள் நேரம். ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு மேகம் விலகட்டும் என்று உட்கார்ந்திருப்பதைவிட நாலு விளக்கைப் போட்டு எடுத்துவிட்டுப் போவதுதான் மலிவு. எந்தத் தயாரிப்பு நிர்வாகியைக் கேட்டாலும் சொல்வார். ‘வீடு’ படத்தின் ஒளிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் மூன்றையும் ஒரே ஆள் செய்ததில் சிக்கனமும் இருக்கலாம், ஆனால் அதில்தான் பொழுதின் மீதான பிடியும் இருக்கிறது. எந்த வெளிச்சத்தில் எடுத்தோம் என்று தெரிந்தவரே எந்த இடத்தில் வெட்டுவது என்றும் முடிவு செய்கிறார். காலை வெளிச்சத்து ஷாட்டை மாலை ஷாட்டோடு ஒட்டி ஒரே காட்சியாக ஓட்டிவிடும் அலட்சியம் அதனால்தான் இந்தப் படத்தில் கண்ணில் படுவதில்லை. மேக்கப்பைக் கூடியவரை தவிர்த்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரிதாரம் பூசிய முகம் எல்லா நேரத்திலும் ஒரே நிறம். அர்ச்சனாவின் மாநிறம் ஆபீஸில் ஒரு மாதிரி, மனையில் வெயிலில் நின்றால் ஒரு மாதிரி, இரவில் கணக்குப் பார்க்கும்போது வேறு மாதிரி. அந்த முகமும் ஓர் இடம்தான், அதிலும் பொழுது விழுகிறது.

இயக்குநர் மகேந்திரனின் ரசிகர்கள் இதற்குள் பொறுமை இழந்திருப்பார்கள். அவர்களுடைய வாதத்தில் நியாயம் உண்டு. 1978இல் ‘முள்ளும் மலரும்’ வந்தபோது ஒளிப்பதிவு பாலு மகேந்திராதான், தமிழில் அவருக்கு அது முதல் படம். ஆனால் அந்த மலையை அர்த்தமாக்கியது மகேந்திரனின் எழுத்து. மின்நிலைய ஊரில் காளிக்கு விஞ்ச் ஆபரேட்டர் வேலை கொடுத்ததிலேயே பாதிப் படம் முடிந்துவிட்டது. மேலே போவதும் கீழே வருவதும் அவன் கையில், அந்தக் கைதான் பின்னால் போகிறது. இடத்தை ஒரு தொழிலாக எழுதத் தெரிந்தவர் அவர். ‘உதிரிப்பூக்கள்’ படத்தில் ஒளிப்பதிவு அசோக்குமார். அந்தக் கடைசி ஆற்றங்கரையில் ஊரே நின்று பார்க்க, சுந்தரவடிவேலு தண்ணீருக்குள் இறங்குகிற காட்சிக்கு முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆறு அந்த ஊருக்குக் குளிக்கும் இடம், துவைக்கும் இடம். அன்றைக்கு நீதிமன்றம். ஆகவே எழுத்துதான் முதல், வெளிச்சம் அதன் பின்னால் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. ‘முள்ளும் மலரும்’ படத்தில் ஜீப் போகும் அந்தப் பாட்டைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வருவது மலையா, மலையில் அந்த நேரத்து வெளிச்சமா? எழுத்தில் ‘மலைப்பாதை, ஜீப்’ என்றுதான் இருந்திருக்கும்.

இன்றைய நிலையைப் பற்றிப் புலம்பாமல் இந்தக் கட்டுரையை எழுத முயன்றேன், முடியவில்லை. இப்போது லொகேஷனுக்குக் குறைச்சலே இல்லை. மதுரை என்றால் மதுரைக்கே போகிறார்கள், கடற்கரை என்றால் குப்பத்துக்கே போகிறார்கள். பேட்டிகளில் ‘லொகேஷனே ஒரு கேரக்டர்’ என்று தவறாமல் சொல்கிறார்கள். பிறகு எடுத்ததையெல்லாம் டி.ஐ. என்னும் நிறத் திருத்த மேஜையில் உட்கார வைத்து, தெக்கத்தி ஊர் என்றால் காய்ந்த மஞ்சள், நகரத்து இரவு என்றால் பச்சை கலந்த நீலம், பழைய காலம் என்றால் காப்பிப்பொடி நிறம் என்று பூசிவிடுகிறார்கள். கம்பத்துக்கும் கோவில்பட்டிக்கும் ஒரே வெயில். விடியற்காலம் என்று தெரிவிக்க ஒரு சேவல் கூவ வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்ல முடியாது. முன்பு ஸ்டுடியோவுக்குள் பொழுது இல்லாமல் எடுத்தார்கள் என்றால் அதற்கு மன்னிப்பு உண்டு. நாலு மணிக்கு எழுந்து மலையேறிப் போய் எடுத்த காலையை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மத்தியானமாக்குவதை என்னவென்று சொல்வது! ட்ரோன் மீதும் எனக்கு வழக்கு உண்டு. மேலேயிருந்து பார்க்கும்போது நிலம் மட்டும்தான் தெரியும், வரைபடம்போல. ஒரு தெருவில் எந்தப் பக்கத்துத் திண்ணையில் எப்போது நிழல் விழும் என்பது அதற்குத் தெரியாது.

இந்த வழக்கில் ட்ரோனுக்குச் சாதகமான சாட்சி ஒன்றே ஒன்று இருக்கிறது. 2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. நிலம் வாங்க ஆசைப்படும் கூலிக்காரன் ரங்கசாமியின் கதை, ஒருவகையில் சுதாவுக்குத் தூரத்துச் சொந்தம். படத்தின் பெரும்பகுதி அவனோடு நடந்தே மலையேறி, நடந்தே இறங்குகிறது. எந்த வளைவில் மூச்சு வாங்கும், எங்கே சுமையை இறக்கி வைக்கலாம் என்று நம் காலுக்கே தெரிந்துவிடுகிறது. ஏலக்காய் மூட்டைக்கு எவ்வளவு கனம் என்பதும் தெரிந்துவிடுகிறது. அப்படித் தரையிலேயே வைத்திருந்துவிட்டுக் கடைசியில், தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக அவன் உட்கார்ந்திருக்கும்போது, கேமரா நிதானமாக மேலே போகிறது. அவன் சிறுத்துப் புள்ளியாகிறான், காற்றாலைகள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதுவரை நடந்தவர்களுக்குத்தான் அந்த உயரம் வலிக்கும். முதல் ஷாட்டிலேயே ட்ரோனை ஏற்றிவிடுகிறவர்கள் அந்த வலியை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, ‘வீடு’ படத்தை இன்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு வந்தால் சங்கடம்தான். சாலிகிராமத்துக் கட்டடம் பிழைத்துக்கொண்டது. படத்தில் முடியாத அந்த வீடு பிற்காலத்தில் பாலு மகேந்திராவின் சினிமாப் பட்டறை ஆயிற்று, பிள்ளைகள் வந்து சினிமா படித்தார்கள். பிழைக்காதது படச்சுருள். ‘வீடு’, ‘சந்தியாராகம்’ படங்களின் நெகட்டிவே இப்போது இல்லை என்று அவர் தன் கடைசி வருஷங்களில் மேடைதோறும் சொன்னார், தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். 2014 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். இப்போது கைக்குக் கிடைப்பவை நிறம் வடிந்த பிரதிகள். கதை புரிகிறது, வசனம் கேட்கிறது, அர்ச்சனாவின் நடிப்புக்கு ஒரு குறையும் இல்லை. கான்ட்ராக்டர் சிமென்ட் திருடுவதும் நன்றாகவே தெரிகிறது. பெரியவர் அந்தப் பாதி வீட்டுக்குள் வரும் காட்சியில்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. செங்கல் வெளிறிவிட்டது, சுவரின் நிழலும் தரையும் ஒரே சாம்பல். அவர் சிரிப்பது தெரிகிறது. வெளியே வெயில் எவ்வளவு ஏறியிருந்தது என்பது தெரியவில்லை.